எடுத்துக் கொடுத்த சொல்

மலையடிவாரத்தில் உலகம்மை என்ற துறவி ஒரு மடம் நடத்திவந்தாள். சீடர்களில் பலர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். நல்லசிவம் அவர்களில் ஒருவர். ஜவுளிக் கடை வைத்திருந்தவர். வாய் திக்கும். கேட்டவர்களுக்கு விலையை விரலால் காட்டியே காலமெல்லாம் வியாபாரம் செய்தவர்.

ஒரு நாள் அவர் உலகம்மையிடம் கேட்டார்:

“நா... நாலு பேர் முன்னால் நானும் பேச முடியுமா, அம்மா?”

“முடியும். அதற்கு நீங்கள் திருமேனியிடம் போக வேண்டும்.”

நல்லசிவத்தின் முகம் சுண்டியது. திருமேனி கிணறு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். மனைவி இறந்தபின் மடத்துக்கு வந்தவன். அவனுக்கும் திக்கும், அவரைவிட மோசமாக.

“அவனே தி... திக்குகிறானே?”

“அதனால்தான் சொல்கிறேன். தினமும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். ஒருவர் சொல்லை மற்றவர் எடுத்துக் கொடுக்க மட்டும் வேண்டாம். வரும்வரை காத்திருங்கள்.”

மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு பாறை இருந்தது. அங்கேதான் உட்கார்ந்து பேசிப் பழகினார்கள். ஒருவருக்குச் சொல் சிக்கிக்கொண்டால், மற்றவர் பார்வையை விலக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சொல் வந்ததும் பேச்சு தொடரும், ஒன்றுமே நடக்காததுபோல.

திருமேனி தன் மனைவியைப் பற்றிச் சொன்னான். தாயம்மாள் என்ற பெயர் வாயில் வராததால் அவளைக் கடைசிவரை ‘இந்தா’ என்றே கூப்பிட்டிருக்கிறான். அன்று அந்தப் பெயரைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நல்லசிவம் காத்திருந்தார். சொல்லி முடித்தவன் அழுதான்.

“இதை நான் வே... வேறு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அண்ணாச்சி.”

மாதங்கள் போயின. திக்கல் போகவில்லை. திக்கிவிடுமோ என்ற பயம்தான் போயிற்று.

குருபூஜை வந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வந்திருந்தது. இருவரும் பேச விரும்பினார்கள். உலகம்மை சம்மதித்தாள். பேசப்போவதை அந்தப் பாறையில் ஒருவரிடம் ஒருவர் சொல்லிப் பழகியிருந்தார்கள்.

முதலில் நல்லசிவம் எழுந்தார். நடுநடுவே சொல் நின்றது. அவர் பதறாமல் நின்று, சொல் வந்ததும் மேலே பேசினார். கூட்டமும் பொறுத்துக் கேட்டது. முடித்து உட்கார்ந்தபோது, “நம்ம ஜவுளிக் கடைக்காரரா இது?” என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. உள்ளம் குளிர்ந்துபோயிற்று.

அடுத்து திருமேனி. தாகத்தைப் பற்றிப் பேச நினைத்திருந்தான்.

“தா... தா... தா...”

“தா, தான்னா என்னத்தைத் தர? வெவரமாக் கேளும்” என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

திருமேனி பதறவில்லை. திரும்பி நல்லசிவத்தின் முகத்தைப் பார்த்தான், கொட்டிலுக்குப் பின்னால் பார்ப்பதுபோல. அவன் பார்த்த பக்கம் கூட்டமும் பார்த்தது.

“தாகம்” என்றார் நல்லசிவம். உரக்க, திக்காமல்.

கூட்டம் கைதட்டியது. திருமேனி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தபடி நின்றான். பிறகு சபையைக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் பேசவில்லை.

மௌன விரதம் என்று மடத்தில் சொல்லிக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் மௌனச்சாமி என்றார்கள். அவன் காலில் விழுந்து திருநீறு வாங்கிப் போனார்கள். அன்று சிரித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

நல்லசிவத்தைப் பல ஊர்களுக்குப் பேச அழைத்தார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தார். ஒரு நாள் மனம் கேட்காமல் கொட்டிலுக்குப் பின்னால் போனார். திருமேனி அந்தப் பாறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்து போய்விட்டான்.

நல்லசிவம் நேரே உலகம்மையிடம் வந்தார்.

“அம்மா, திருமேனியின் மௌனம் தவம்தானே?”

“சனங்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.”

“அன்றைக்கு நான் உ... உதவிதானே செய்தேன்? அத்தனை பேர் சிரித்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. அவ... அவ...”

“அவமானமாக இருந்தது” என்று முடித்தாள் உலகம்மை.

இத்தனை காலத்தில் அவள் அவருடைய சொல்லை எடுத்துக் கொடுத்ததே இல்லை. ‘அவனுக்காகத்தான்’ என்று சொல்ல வந்தவர் நல்லசிவம். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை. உலகம்மை காத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்:

“எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அம்மா. அதுவரைக்கும் என் திக்கலை மறந்திருந்தார்கள். அவனும் நானும் ஒன்றுதான் என்று மறுபடி நினைத்துவிடுவார்களோ என்று பயந்துவிட்டேன்.”

சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

“போய் ம... மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டால் எனக்குப் பதில் சொல்லுவானா?”

“கேளுங்கள். ஆனால் அந்தப் பதிலை அவன் முதலில் யாரிடம் சொல்லிப் பழகுவான்?”