உடும்பு பூட்டி வைத்த பள்ளிக்கூடம்

காட்டோரத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடம் இருந்தது. கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, ஆறு வகுப்பறைகள். காட்டுக் குட்டிகள் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் படித்தன. ஓடைக்கு அக்கரையில் புதுப் பள்ளி வந்த பிறகு அது பூட்டிக் கிடந்தது. சாவி மருதன் என்ற உடும்பிடம் இருந்தது.

அந்தக் கோடையில் கிழக்குச் சரிவு தீப்பிடித்து எரிந்தது. வளையை இழந்த முயல்களும் கீரிகளும் வறண்ட ஓடைக்குள் சருகைப் போட்டுப் படுத்தன. காட்டுக்குத் தலைவரான யானை மருதனைக் கூப்பிட்டது. வகுப்பறைகளை மூங்கில் தட்டியால் தடுத்து அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்துவிடு, வாடகையாக மாதம் ஒரு பிடி தானியம் போதும் என்றது.

மருதனுக்கு மனசு ஆறவில்லை. அது எழுத்துக் கற்றதே அங்கேதான். கரும்பலகைக்குக் கீழே முயல்கள் புல்லைக் குவிப்பதை நினைத்தாலே அதற்கு ஆகவில்லை. யானையிடம் முடியாது என்று சொல்லவும் துணிவில்லை. அதனால் நாளைக் கடத்தியது. முதலில் உத்தரத்தைச் சோதிக்க வேண்டும் என்றது. மரங்கொத்தி தட்டிப் பார்த்து, உறுதியாக இருக்கிறது என்றது. அடுத்து, பழைய சுவரில் துளை போடக் கூடாது என்றது மருதன். தூக்கணாங்குருவி நாரால் தட்டியைக் கட்டி நிறுத்திக் காட்டியது. கடைசியில், உடைந்த நாலு ஓட்டுக்குப் பதிலாக அதே பழைய வகை ஓடு கிடைக்கட்டும் என்றது மருதன். ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் போனது.

ஒருநாள் செம்பி என்ற முயல் தன் நான்கு குட்டிகளோடு வந்து நின்றது.

"மேகம் கட்டுதுங்க ஐயா. அறை வேண்டாம். தாழ்வாரத்தில ஒரு மூலை குடுங்க."

"இது நூறு வருஷக் கட்டடம். இதோட அருமை உனக்குத் தெரியாது," என்றது மருதன்.

"தெரியுங்க. நானும் இங்கதான் படிச்சேன்."

மருதன் வாசல் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தது. பிறகு, ஓடு வந்ததும் முதல் அறை உனக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் மலையில் மழை கொட்டியது. ஓடையில் செந்நீர் சுவர் போல எழும்பி வந்தது. அலறல் கேட்டு மருதன் சாவியோடு பள்ளிக்கு ஓடியது. பூட்டு உடனே திறக்கவில்லை. கீரிக் குடும்பத்தில் ஒன்றுகூட வந்து சேரவில்லை. செம்பி ஒரே ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வந்தது.

உள்ளே ஒரு மூலையில் மட்டும் ஒழுகியது. மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது.

யானை வந்து கேட்டபோது மருதன் எதையும் மறைக்கவில்லை. கட்டடத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்றது.

"கட்டடம் நல்லாத்தான் இருக்கு," என்றது யானை.

சாவியை வாங்கிக்கொண்டு அன்றைக்கே அறைகளைத் தடுக்கச் சொன்னது. ஆறு அறைகளுக்கும் குடும்பங்கள் போதவில்லை. இரண்டு காலியாகவே கிடந்தன.

தங்க இடமில்லாதவர் வாசலில் நிற்கும்போது, பழம்பெருமையைக் காரணம் காட்டிக் கதவைத் திறக்காதவர் கல்லைக் காப்பாற்றிப் பிறர் உயிரைப் பலிகொடுக்கிறார்.