நிறம் குடிக்கும் பேய்

தூத்துக்குடி உப்பு முதலாளி ஞானதிரவியம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பவளங்கள் எலும்பாக வெளுத்துக்கொண்டே வந்தன. விருந்தாளிகள் மெச்சுவதற்காக அதில் பவளங்களை உறங்கவிடாமல் ராப்பகலாக விளக்கு எரிந்தது. தண்ணீர் பளிங்காக இருக்கவேண்டுமென்று, பவளம் தின்னும் சத்தையெல்லாம் ஃபில்டர் உறிஞ்சியது.

ஏதோ பேய்தான் நிறத்தைக் குடிக்கிறது என்று நம்பிய முதலாளி, விருந்தாளிகள் முன்னால் வேலைக்காரியிடம் உறுமினார். "ஏட்டி சந்தனமாரி, நிறத்தைக் குடிக்கிற பேயை இப்பவே காட்டு. இல்லேன்னா நீதான் அந்தப் பேய்."

"காட்டுதேன் மொதலாளி. அந்தப் பேய்க்கு அடுத்தவுக ஒறங்குனாலும் ஆகாது, சாப்பிட்டாலும் ஆகாது. கண்ணாடிகிட்ட குனிஞ்சு பாருங்க."

அவர் குனிந்ததும் தொட்டி விளக்கை மட்டும் அணைத்தாள். இருண்ட தண்ணீரில், வெள்ளைக் கிளைகளுக்கு நடுவே, முறுக்கிய மீசையோடு ஒரு முகம் அவரையே வெறித்தது. முதலாளி அலறினார். அதுவும் வாயைப் பிளந்தது.

"பேய் யாருன்னு தெரிஞ்சுட்டுல்லா?" என்றாள் சந்தனமாரி. "இனி ராத்திரி விளக்கை அமத்திரட்டுமா மொதலாளி?"