உப்பு வண்டியும் பன்னிரண்டு குதிரைகளும்

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டையைச் சண்டமாருதன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மத்தியானம் அதையே மறுப்பான். ஒருநாள் அவன் ரசத்தில் உப்பில்லை. "உப்பு வண்டி இன்னும் வரவில்லை, மகாராஜா" என்று நடுங்கினான் சமையல்காரன்.

உப்பந்துறையிலிருந்து கோட்டைக்கு இருபத்துநான்கு காதம். மாட்டுவண்டி வந்துசேரப் பன்னிரண்டு நாளாகும்.

"பன்னிரண்டா? அடியேன் நேற்றுத்தான் அங்கிருந்து வந்தேன். ஐந்தே நாள்!" என்றார் தளவாய் விருப்பணன். உப்பு வண்டிக்காரி சடைச்சி ஒருமுறை நடுச்சந்தியில் அவர் பல்லக்குக்கு வழிவிடவில்லை. அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. "எல்லாம் சோம்பேறித்தனம். ஐந்து நாளில் வராதவர்களின் மாட்டைப் பிடுங்குங்கள், தானாக வருவார்கள்."

ராஜா அப்போதே ஆணையிட்டான். மறுநாள் வந்த சடைச்சியைக் கோட்டை வாசலிலேயே மடக்கினார்கள். மயிலை, செவலை என்று அவளுக்கு இரண்டே மாடுகள். அவைதான் அவளுக்குச் சோறு. பிடித்த கயிற்றை விடாமல், மாடுகளையும் சேவகர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சபை வாசலில் வந்து நின்றாள்.

"மாட்டை விடு. இல்லையென்றால் தலை போகும்!" என்றான் ராஜா.

"தலை போனா ஒரு நாளோட போச்சு மகாராசா. மாடு போனா தினம் தினம் பட்டினி. விட மாட்டேன்."

"தளவாய் ஐந்து நாளில் வந்தாரே?"

"வந்தாரு. உப்பந்துறையில அவரை ஏத்திக்கிட்டுக் கிளம்புன குதிரை எங்கே? அதைக் கொண்டாங்க. அது இங்க வந்து நின்னா, மாட்டை நானே அவுத்துத் தர்றேன்."

லாயக்காரனைக் கூப்பிட்டார்கள்.

"இங்கே நிற்பது கடைசிச் சாவடிக் குதிரை, மகாராஜா. தளவாய் சாவடிக்குச் சாவடி மாற்றித்தானே வருவார்? பன்னிரண்டு சாவடி, பன்னிரண்டு குதிரை. உப்பந்துறைக் குதிரை முதல் சாவடியிலேயே கொள்ளுத் தின்றுகொண்டிருக்கும்."

"கேட்டீங்களா?" என்றாள் சடைச்சி. "ஒவ்வொரு குதிரையும் ரெண்டு காதம் ஓடிட்டுப் படுத்துடுச்சு. என் மாடும் ரெண்டு காதம் நடக்குது. ஆனா மறுநாளும் எழுந்து நடக்குது, பன்னிரண்டு நாளும் நடக்குது! இவரு எங்க வந்தாரு? குதிரைங்க ஓடுச்சு, இவரு சுமையா வந்தாரு."

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "தளவாயே, நாளைக்கே உப்பந்துறைக்குப் புறப்படும். ஒரே குதிரை, மாற்றக்கூடாது. நீர் திரும்பும்வரை ஆணையை நிறுத்திவைக்கிறேன்."

தளவாய் புழுதி பறக்கக் கிளம்பினார். சடைச்சியும் உப்பை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு அதே பாதையில் போனாள். ஐந்தாம் நாள் பார்த்தால், குதிரை நொண்டிக்கொண்டு நிற்க, தளவாய் புளியமரத்தடியில் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாதி வழிகூட ஆகவில்லை.

"ஏறுங்க சாமி. அன்னைக்கும் சுமையாத்தானே வந்தீங்க" என்றாள்.

அவர் நொண்டியபடியே ஏறிக்கொண்டார். திரும்பி வரும்போது உப்பு மூட்டைமேல் அவரும் ஒரு மூட்டையாக வந்து இறங்கினார்.

"அங்கிருந்து எத்தனை நாள் ஐயா?" என்று கேட்டான் ராஜா.

"பன்னிரண்டு, மகாராஜா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மழை பெய்தால் பதினான்கு."

ராஜா ஆணையைக் கிழித்துப்போட்டுத் தன் பட்டுச் சால்வையைச் சடைச்சிக்குக் கொடுத்தான். அவள் அதை இரண்டாகக் கிழித்து மயிலைக்கும் செவலைக்கும் கழுத்தில் கட்டினாள். அதன்பிறகு நடுச்சந்தியில் உப்பு வண்டி வந்தால், தளவாயின் பல்லக்கு ஓரமாக ஒதுங்கி நிற்கும்.