செத்துப்போன வால்வும் ஜெபமணி டீச்சரின் மாறுதலும்

நேர்பட்டிக்காரர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் கொடுத்தது கொடுத்தபடியே வைத்திருப்பார்கள். மடிக்க மாட்டார்கள், நீட்ட மாட்டார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தும் பார்க்க மாட்டார்கள். பஸ்ஸில் நடத்துனர் ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்றால் பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிட்டு நிற்பார்கள். கெட்டவர்கள் இல்லை. சொன்னதை அப்படியே கேட்கிற மனிதர்கள் இந்த உலகத்தில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று உட்கார்ந்து யோசித்தால், அவர்கள் மேல் ஒரு பிரியம்கூட வந்துவிடும். ஆனால் அவர்களோடு ஒரே வண்டியில் அவசரமாக எங்கும் போகக் கூடாது.

ஜெபமணி டீச்சர் போனார். அவருக்கு வேறு வழி இல்லை.

டீச்சர் நேர்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் நாள் வகுப்பில் ‘எல்லாரும் வாயை மூடுங்க’ என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஒரு பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே மாறுதல் கேட்டு முதல் விண்ணப்பம் எழுதினார். வருடத்துக்கு ஒன்றாக எழுதிக்கொண்டே இருந்தார். இந்த வருடம்தான் கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது. இன்றைக்கு நாலு மணிக்குள் பெருங்காவூர்க் கல்வி அலுவலகத்துக்குப் போய், பெயரைக் கூப்பிடும்போது எழுந்து, வேண்டிய ஊரைச் சொன்னால் போதும். அக்கா குடும்பத்தோடு இருக்கிற புன்னைக்கரையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த ஊர்ப் பெயரை டீச்சர் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேர்பட்டியில் இருப்பது ஒரே ஒரு வேன். அதை ஓட்டுகிறவர் ஆவுடையப்பன், நல்ல நெட்டை. கிளீனர் கொம்பையா, ஐம்பது வயது, நல்ல குட்டை. இவர்களோடு வெயிலுமுத்து என்று ஒருவர். டீச்சரை வழியனுப்ப வந்தவர், வழி இன்னும் முடியவில்லையே என்று கூடவே ஏறிக்கொண்டார்.

பாதித் தூரத்தில், முக்கூட்டு விலக்கில் ரோடு பிரிகிற இடம் வந்தபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்சக்கரத்தில் காற்று இல்லை. நல்ல வேளையாக அங்கே மீரான் பாயின் பஞ்சர் கடை இருந்தது. பாய் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். டயரில் ஒன்றும் குற்றமில்லை. காற்றடிக்கிற வால்வின் அடிப்பக்கம் ரப்பர் வெடித்துப்போயிருந்தது.

“வால்வு செத்துப்போச்சு” என்றார் பாய்.

ஆவுடையப்பன் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வெயிலுமுத்து தலையைக் குனிந்துகொண்டார். கொம்பையாவுக்குத்தான் குரல் வந்தது.

“எப்ப பாய்?”

“என்ன எப்ப?”

“இல்ல, காலையில கிளம்பும்போது நல்லாத்தான இருந்துச்சு.”

ஸ்டெப்னி இருக்குமே, அதை மாட்டிப் போய்விடலாமே என்று டீச்சர் கேட்டார். இருக்கிறது, அவசரத்துக்கு என்று வாங்கினது, அதனால் தொலைந்துவிடாமல் வீட்டில் பூட்டி வைத்திருக்கிறோம் என்று ஆவுடையப்பன் பெருமையாகச் சொன்னார். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றேகால்.

பாய்க்கும் அவசரம். பைபாஸில் ஒரு லாரி டயர் வெடித்து நிற்கிறது, அங்கிருந்து ஒரு ஆள் வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரிம்மிலிருந்து டயரைப் பிரித்துப் போட்டுவிட்டு, மொபெட்டில் உட்கார்ந்தபடியே வேலையைச் சொன்னார்.

“ஓட்டையை அளந்து எதிர்த்த கடையில வால்வு வாங்குங்க. அளவு முக்கியம். சின்ன ஓட்டைக்குப் பெரிய வால்வு நுழையாது, பெரிய ஓட்டையில சின்ன வால்வு நிக்காது. வாங்கியாந்து, நல்லா சோப்பு போட்டுட்டு, உள்ளேயிருந்து வெளிய இழுங்க. ‘டப்’னு ஒரு சத்தம் வரும். வந்துட்டா உக்காந்துருச்சுன்னு அர்த்தம். நான் வந்து டயரை மாட்டித் தாரேன்.”

மூன்று பேரும் ரிம்மைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஓட்டையை அளக்க வேண்டும் என்பது சரி. அளந்ததை எதில் கொண்டுபோவது என்பதுதான் பிரச்சினை. ஓட்டையில் ஒன்றுமே இல்லையே, ஒன்றுமே இல்லாததை எப்படி எடுத்துப் போவது என்று வெயிலுமுத்து கேட்டார். நல்ல கேள்வி என்று மற்ற இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் கொம்பையா சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டார். இறுகின இடத்தில் நிறுத்தி வெளியே எடுத்தபோது, விரலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கிரீஸ் வளையம்.

“ஓட்டை வந்துருச்சு வே” என்றார் ஆவுடையப்பன்.

விரலை வானத்துக்குக் காட்டியபடி கொம்பையா நடுவில் நடக்க, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் காவலாகப் போனார்கள். காற்றில் ஓட்டை சுருங்கிவிடக் கூடாது என்று வெயிலுமுத்து துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

உதிரிபாகக் கடை செண்பகராஜ் நிதானமான ஆள். விரலைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், சின்ன ஓட்டைதான் என்று சொன்னார். இத்தனை வருடத்தில் இவ்வளவு சரியாக அளவு கொண்டுவந்தவர்கள் இல்லை என்றும் சொன்னார். பிறகு தொழில்முறையில் மேற்கொண்டு விசாரித்தார்.

“குட்டையா, நெட்டையா?”

“குட்டை இவரு, நெட்டை நான்” என்றார் ஆவுடையப்பன். “அவரு ரெண்டுக்கும் நடுவுல.”

செண்பகராஜ் அதை விட்டுவிட்டார். ரப்பரில் வேண்டுமா, நட்டு போட்டு முடுக்குகிற இரும்பில் வேண்டுமா, வேகமாகப் போகிற வண்டி என்றால் இரும்பு நல்லது என்றார். உங்க வண்டி எப்படிப் போகும்?

“போகல அண்ணாச்சி. நிக்கி.”

நிற்கிற வண்டிக்கு ரப்பரே போதும் என்று குட்டையான ரப்பர் வால்வு ஒன்றை எடுத்து வைத்தார். மூன்று முட்டாள்கள் போய்ச் சரியான வால்வை வாங்கியது எப்படி என்று பின்னால் பலர் கேட்டதுண்டு. கடைக்காரர் சரியாக இருந்தால் அதெல்லாம் நடக்கும்.

ஆனால் அவர் ஒரு தப்புச் செய்தார். “கையெல்லாம் கிரீஸ், தொடைச்சிட்டு வாங்கிக்கிடுங்க” என்று ஒரு துணியைக் கொடுத்தார். கொம்பையா துடைத்தார்.

துடைத்த பிறகுதான் மூவருக்கும் விளங்கியது. விரலில் ஓட்டை இல்லை.

வெயிலுமுத்து துணியை விரித்துத் தேடினார். கறுப்பாக ஒரு தீற்றல் இருந்தது, வட்டமாக ஒன்றும் இல்லை. டீச்சருக்கு என்ன பதில் சொல்வது என்று ஆவுடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். ரோட்டைக் கடந்து ஓடி ரிம்மைப் பார்த்தார்கள். ஓட்டை அங்கேயே இருந்தது. நமக்கு முன்னாலேயே வந்துவிட்டது என்று கொம்பையா ரிம்மைத் தடவிக்கொடுத்தார்.

அடுத்தது சோப்பு.

டீச்சர் எதிரே வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் இனி சாயங்காலம்தான் பஸ். ஏதாவது வண்டி வந்தால் ஏறிவிடலாம் என்று இரண்டு காருக்குக் கை காட்டினார், இரண்டும் நிற்கவில்லை. மூன்றாவது வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பஞ்சர் கடை வாசலில் மூன்று பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு, பாய் டியூப் முக்கிப் பார்க்க வைத்திருந்த தொட்டித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார்கள். தலை முதல் கால் வரை நுரை. ஆவுடையப்பனுக்கு எட்டாத முதுகை வெயிலுமுத்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் ஓடி வந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

“நல்லா சோப்பு போட்டுட்டு இழுக்கச் சொன்னாரு டீச்சர்” என்றார் கொம்பையா, கண்ணைத் திறக்காமல். “நல்லாப் போடணும்லா.”

சோப்பை வால்வுக்குப் போட வேண்டும் என்று டீச்சர் விளக்கினார். வால்வையும் குளிப்பாட்டினார்கள். தலை எது கால் எது என்று தெரியாததால் இரண்டு பக்கமும்.

உள்ளேயிருந்து வெளியே இழுப்பதில் பேச்சு நீண்டது. ரிம் கடைக்கு வெளியே கிடக்கிறது, வெளியே கிடப்பதை உள்ளேயிருந்து எப்படி இழுப்பது? ஆகவே ரிம்மைக் கடைக்குள் உருட்டிப் போனார்கள். வால்வின் காம்பை ஓட்டை வழியே விட்டார்கள். அது எந்தப் பக்கத்திலிருந்து போக வேண்டுமோ அந்தப் பக்கத்திலிருந்தே போனது, அவர்களை அறியாமல். அப்புறம் காம்பைக் குறட்டால் கவ்விக்கொண்டு, ரிம்மோடு சேர்த்துக் கடையை விட்டு வெளியே இழுத்தார்கள். கொம்பையா முன்னால், அவர் இடுப்பைப் பிடித்து ஆவுடையப்பன், அவரைப் பிடித்து வெயிலுமுத்து. உடம்பெல்லாம் சோப்பு என்பதால் பிடித்தவர்கள் ஒவ்வொருவராக வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி பிடித்தார்கள். ரிம் வாசல்படியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. ஒரே தம்மில் இழுத்தார்கள். ‘டப்’ என்றது.

மூவரும் அசையாமல் நின்றார்கள்.

“உக்காந்துருச்சு” என்றார் வெயிலுமுத்து மெதுவாக. “எழுப்பிராதீங்க.”

இரண்டே முக்காலுக்கு மீரான் பாய் வந்தார். தொட்டியில் தண்ணீர் இல்லை, சோப்பும் இல்லை, ஆனால் வால்வு சரியாக உட்கார்ந்திருந்தது. அவருக்கே ஆச்சரியம். டயரை மாட்டி, காற்றடித்து, வால்வைச் சுற்றி அவர்கள் தோளிலிருந்தே கொஞ்சம் நுரையை வழித்துத் தடவினார். “குமிழி வந்தா காத்து போகுதுன்னு அர்த்தம். அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வண்டியில மாட்டுங்க” என்று சொல்லி டீ குடிக்கப் போனார்.

வால்வில் குமிழி இல்லை. ஆனால் கொம்பையாவின் இடது காதில் ஒன்று மெல்ல எழும்பி, பெரிதாகி, உடைந்தது.

“அண்ணாச்சி” என்றார் வெயிலுமுத்து. “கொம்பையாவுக்குக் காத்து போகுது.”

கொம்பையாவின் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நாளாகவே படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இப்போதுதான் காரணம் தெரிகிறது என்றார். இன்னொரு குமிழி வந்தது. ஆவுடையப்பன் நேரத்தை வீணாக்கவில்லை. வால்வின் மூடியைக் கழற்றிக் கொம்பையாவின் காதில் வைத்து அமுக்கினார். வீட்டில் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடு என்றார் வெயிலுமுத்து. மூச்சை அடக்கிக்கொண்டு கொம்பையா வீட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தார். அது நிறைய இருந்தது.

வேனுக்குள் வந்து உட்கார்ந்திருந்த டீச்சர் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மணி மூன்று பத்து. ஒன்பது வருடம் பழகின பொறுமை என்றாலும், பானையைப் போல அதற்கும் ஓர் அடி உண்டு. அந்த அடி தட்டிவிட்டது.

“எனக்கு எதுவும் தெரியாது” என்றார் டீச்சர். “நாலு மணிக்குள்ள அந்தச் சக்கரம் கல்வி ஆபீஸ் வாசல்ல நிக்கணும்.”

டீச்சர் குரல் உயர்த்தி அவர்கள் கேட்டதே இல்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சக்கரத்தைத் தூக்கினார்கள். சரி, மாட்டப்போகிறார்கள் என்று டீச்சர் கண்ணை மூடி ஜெபம் செய்தார்.

ரோட்டில் கை காட்டுகிற மனுஷிக்கு வண்டி நிற்காது. ஆனால் சக்கரத்தோடு நிற்கிறவனைப் பார்த்தால் எந்த டிரைவரும் பிரேக்கை மிதிப்பான், தனக்கும் ஒரு நாள் அப்படி நடுரோட்டில் நிற்க நேரும் என்று அவனுக்குத் தெரியும். வாழைத்தார் ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ நின்றது. சக்கரம் ஏறியது, மூவரும் ஏறினார்கள், ஆட்டோ பெருங்காவூர் பக்கம் போனது.

டீச்சர் ஜெபத்தை முடித்துக் கண்ணைத் திறந்தபோது, ஜன்னலுக்கு வெளியே டீ டம்ளரோடு மீரான் பாய் நின்றார்.

“சக்கரம் எங்க டீச்சர்?” என்றார்.

மூன்று ஐம்பதுக்குச் சக்கரம் கல்வி அலுவலக வாசலில் நின்றது. ‘நேர்பட்டி, ஜெபமணி’ என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். டீச்சர் பெயராயிற்றே, பதில் சொல்லாவிட்டால் மரியாதையா என்று ஆவுடையப்பனும் வெயிலுமுத்தும் உள்ளே போனார்கள். ஈரத் தலையும் காய்ந்த நுரையுமாக நின்ற இருவரையும் அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார். டீச்சர் எங்கே என்று கேட்டார். வண்டியில் இருக்கிறார்கள் என்றார்கள், அது உண்மை. உடம்புக்கு முடியவில்லையா, இறங்க முடியாதா என்றார். இப்போதைக்கு வண்டி நகராது சார் என்றார்கள், அதுவும் உண்மை.

அதிகாரிக்குப் பாவமாக இருந்தது. கடைசி ஆள், சாயங்காலம் ஆகிவிட்டது, எழுதி முடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தார்.

“சரி. எந்த ஊர்?”

இருவரும் கூடிப் பேசினார்கள். எந்த ஊர் என்கிறார். நான் நேர்பட்டி என்றார் ஆவுடையப்பன். நானும் நேர்பட்டிதான் என்றார் வெயிலுமுத்து. சக்கரம்? அதுவும் நேர்பட்டி. மறுப்பே இல்லை.

“நேர்பட்டி சார்.”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் சர்வீஸில் நேர்பட்டியை விட்டுப் போக வேண்டும் என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறார். நேர்பட்டியே வேண்டும் என்று கேட்ட முதல் ஆசிரியை இவர். எழுந்து நின்றார். பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்தார்கள். அவரே கையால் எழுதி, முத்திரை குத்தி, இப்படி நாலு டீச்சர் இருந்தால் போதும் என்று சொல்லி உத்தரவைக் கொடுத்தனுப்பினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆவுடையப்பனும் வெயிலுமுத்தும் பஸ்ஸில் முக்கூட்டு விலக்கில் வந்து இறங்கினார்கள். மூன்று சக்கரத்தில் சாய்ந்து நின்ற வேனுக்குள் டீச்சரும் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். உத்தரவை இரண்டு கையாலும் நீட்டினார்கள். நேர்பட்டியிலிருந்து நேர்பட்டிக்கு மாறுதல். டீச்சர் அதை ஒரு தடவை படித்தார். மடித்தார். பிரித்து இன்னொரு தடவை படித்தார்.

“சரி” என்றார் கடைசியில். “சக்கரத்தை மாட்டுங்க, ஊருக்குப் போவோம்.”

“சக்கரம் வாசல்லதான் நிக்கி டீச்சர்” என்றார் ஆவுடையப்பன். “நீங்க சொன்ன மாதிரி, நாலுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே நிறுத்தியாச்சு.”

“அங்கயே விட்டுட்டா வந்தீங்க?”

“அது எப்படி விடுவோம்? கையை எடுத்தா படுத்துக்கிடுது. நீங்க நிக்கணும்னுல்லா சொன்னீங்க. கொம்பையா பிடிச்சிக்கிட்டு நிக்கான்.” ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எந்த வருஷம் வரைக்கும்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னான்.”