பேச்சியம்மாள் நடத்திய வகுப்பு

மலையடிவாரத்து மடத்துக்குக் கோமதிநாயகம் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது. பஞ்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். ஆலையை மூடிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய மீசை. மீசையைவிடக் குரல் பெரியது.

மடத்தை நடத்தியவர் தவமணி அம்மையார். கோமதிநாயகத்தைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேச மாட்டார்.

“என்ன வேணும்?” என்று கேட்டார் அம்மையார்.

“உங்ககிட்டச் சிஷ்யனா இருக்கணும்மா.”

“இருங்க. பாலர் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போயிட்டா. நாளையிலேருந்து அதை நீங்க பார்த்துக்கிடுங்க.”

“சின்னப் பிள்ளைங்களையா? எனக்கு ஆட்களை வேலை வாங்கித்தான் பழக்கம்.”

“இவங்களும் ஆட்கள்தான். கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான்.”

தீப்பெட்டி ஆபீசுக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் தங்கள் பிள்ளைகளை மடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள். எல்லாம் மூன்று வயது, நான்கு வயது. மறுநாள் ஒரு பையன் தன் அம்மா போன திசையைப் பார்த்து அழுதான். அவனைப் பார்த்து அடுத்தவள் அழுதாள். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க அழுகை.

“சைலன்ஸ்!” என்றார் கோமதிநாயகம்.

தறிச் சத்தத்துக்கு மேல் கேட்ட குரல் அது. அறை ஒரு கணம் அடங்கியது. பிறகு அதுவரை அழாமல் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாடசாமி என்று ஒருவன் மட்டும் அழவில்லை. அவன் எழுந்து வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

“இன்னொரு தடவை கத்துங்க சார்” என்றான்.

அன்று சாயங்காலம் அவர் அம்மையாரைத் தேடிப் போனார். அம்மையார் சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஒருத்தன் அழுதா எல்லாரும் அழறாங்கம்மா. எப்படி நிறுத்தறது?”

அம்மையார் கீரையைக் கீழே வைத்தார். வாயைத் திறந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

கோமதிநாயகத்துக்கும் கொட்டாவி வந்தது.

“உங்களுக்குத் தூக்கம் வருதா?” என்று கேட்டார் அம்மையார்.

“இல்லையேம்மா. நீங்க விட்டீங்க, எனக்கும் வந்துடுச்சு.”

“நல்லது. போய்ச் சாப்பிடுங்க.”

அடுத்த நாளும் காலையில் அழுகை தொடங்கியது. அவர் கத்தவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். களிமண்ணை எடுத்து உருட்டினார். அது பாம்பு மாதிரி நீண்டது. அவர் பாட்டுக்கு உருட்டிக்கொண்டே இருந்தார். முதலில் அழுதவன் விசும்பிக்கொண்டே பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான்.

“தலை எங்க?”

“நீதான் வைக்கணும்.”

மத்தியானத்துக்குள் அந்தப் பாம்பு வாசலில் தொடங்கித் தண்ணீர்ப் பானை வரைக்கும் போயிருந்தது. அதற்குப் பல தலைகள் இருந்தன. தன் தலைதான் உண்மையான தலை என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

ஆனாலும் அந்த வேலை அவரைப் படுத்திவைத்தது. எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து முடிக்கும்போது ஒருத்தி ஒண்ணுக்கு வருகிறது என்பாள். உடனே அத்தனை பேருக்கும் வரும். காலையில் சொல்லிக்கொடுத்த எழுத்து கஞ்சி குடித்ததும் மறந்துபோகும். ஒருவன் பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டான். அதை எடுத்துவிட்டுத் திரும்பினால், எப்படிப் போட்டான் என்று மற்றவர்களுக்கு அவனே செய்து காட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் கோமதிநாயகத்தின் வேட்டியில் மண், கஞ்சி, சளி எல்லாம் இருக்கும். மீசையில் எப்படியோ பசை ஒட்டியிருக்கும்.

மாடசாமியின் அப்பா லாரி ஓட்டுபவர். ஒருநாள் அவர் மடத்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“இத்தனை மாசமா வாரான். ஏ பி சி டி தெரியல. அப்படி என்னதான் சொல்லிக் குடுக்கீங்க?”

அதே கேள்வியைக் கோமதிநாயகமும் தினமும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மையாரைப் பார்த்தார்.

“உள்ள வாங்க” என்றார் அம்மையார் லாரிக்காரரிடம். “இன்னிக்குக் காலையில இங்கயே இருந்து பாருங்க.”

லாரிக்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பாடினார்கள், சண்டை போட்டார்கள், கூட்டமாக ஒண்ணுக்குப் போய் வந்தார்கள். கஞ்சி வந்தது. மாடசாமி வரிசையில் நின்றான். தனக்குக் கிடைத்த கடலை மிட்டாயை உடைத்து, தன்னுடையதைக் கீழே போட்டுவிட்ட பையனுக்குப் பாதியைக் கொடுத்தான். பிறகு விளையாடப் போக, உட்கார்ந்து தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டான். இடது காலில் இடது, வலது காலில் வலது.

லாரிக்காரர் எழுந்து கோமதிநாயகத்திடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“எப்பத்திலேருந்து சார் இவன் செருப்பை இவனே மாட்டுதான்? வீட்ல நாந்தான மாட்டி விடுதேன்?”

அதற்குப் பிறகு அவர் ஏ பி சி டியைப் பற்றிக் கேட்கவில்லை. லாரி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்கள்.

கோமதிநாயகத்தை உண்மையில் வருத்தியது ஒரே ஒரு பிள்ளை. பெயர் பேச்சியம்மாள். பேசவே மாட்டாள். காலையில் வந்து ஜன்னலோரம் உட்காருவாள். எல்லாவற்றையும் பார்ப்பாள். பாட்டுப் பாடினால் உதடு அசையாது. பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். அவர் வெல்லம் கொடுத்துப் பார்த்தார். யானை மாதிரி நடந்து காட்டினார். சிரிப்பாளே தவிர ஒரு சொல் வராது.

“அந்தப் பிள்ளை வாயைத் திறக்க மாட்டேங்குதும்மா” என்று அம்மையாரிடம் சொன்னார். “நான் என்ன தப்புப் பண்றேன்?”

“காது திறந்திருக்கா?”

“அது நல்லாத் திறந்திருக்கு.”

“அப்ப ஜாக்கிரதையா இருங்க” என்றார் அம்மையார்.

மழைக்காலம் வந்தது. கூரை ஒழுகியது. ஒரு மத்தியானம் ஒவ்வொருவராகத் தட்டிக்கொடுத்து எல்லோரையும் தூங்க வைத்துவிட்டு அவர் சோற்றில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து மாடசாமி ஒரு தட்டை எடுத்து மேளம் அடித்தான். எல்லோரும் விழித்துக்கொண்டு அழுதார்கள்.

“உன் மண்டையில எதுவும் ஏறாது!” என்று கத்தினார் கோமதிநாயகம். “நீ உருப்படவே மாட்டே!”

மாடசாமி அன்றுதான் முதல் தடவையாக அழுதான்.

சில நாட்கள் கழித்துப் பேச்சியம்மாளின் அம்மா அவளைக் கூப்பிட வந்தாள். அவளிடம் கோமதிநாயகம் மெல்லக் கேட்டார்.

“பிள்ளை வீட்லயாவது பேசுதா?”

“பேசுதாவா? வாய் ஓய மாட்டேங்கு சார்!” என்று அவள் சிரித்தாள். “தேங்காச் சிரட்டையை எல்லாம் வட்டமா உக்கார வச்சுப் பாடம் நடத்துதா. தேங்கா நாரைப் பிச்சு மீசை வேற வச்சுக்கிடுதா. பாட்டு, கதை, எல்லாம் உங்கள மாதிரியே. யானை நடைகூட நடக்கா.”

கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது. “அப்படியா! வேற என்ன சொல்லுதா?”

“ஒரு சிரட்டைய மட்டும் தனியா வச்சு வைவா சார். ‘உன் மண்டையில எதுவும் ஏறாது, நீ உருப்படவே மாட்டே’ன்னு. எங்களுக்கெல்லாம் சிரிப்புத் தாங்காது.”

அவள் சிரித்துக்கொண்டே மகளைக் கூட்டிப் போனாள். கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் துணிப்பையோடு அம்மையார் முன்னால் வந்து நின்றார்.

“நான் போறேம்மா.”

“எங்க?”

“எங்கயாவது. ஒரு கோவத்துல சொன்ன வார்த்தை. அது அந்தப் பிள்ளை வாயில இருக்கு. நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல.” நடந்ததை எல்லாம் சொன்னார்.

அம்மையார் கவனமாகக் கேட்டார். “வஞ்ச பிறகு அந்தச் சிரட்டை என்ன ஆச்சு?”

“எந்தச் சிரட்டை?”

“தனியா வச்சாளே, அது.”

“அதை நான் கேக்கலையேம்மா.”

“கேட்டுட்டுப் போங்க.”

மறுநாள் காலையில் அவர் வாசலிலேயே காத்திருந்தார். பேச்சியம்மாளின் அம்மாவுக்கு வேலைக்குப் போகிற அவசரம். அவர் இப்படி ஒன்றைக் கேட்கிறாரே என்று அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

“அதுவா சார்? வஞ்சு முடிச்சிட்டு அந்தச் சிரட்டையைத் தூக்கி மடியில போட்டுக்கிடுவா. என் முந்தானையால அதுக்கு மூக்கைத் துடைச்சு விடுவா. ‘சார் கோவத்துல சொல்லிட்டேன்டா ராசா, நீ தூங்கு’ம்பா. தினமும் அப்படித்தான். மத்த சிரட்டைக்கெல்லாம் மடி கிடையாது.”

அந்த மழை நாளில் மாடசாமியை மடியில் போட்டுக்கொண்டதும், தன் துண்டால் மூக்கைத் துடைத்ததும், அவன் அப்படியே தூங்கிப்போனதும், கால் மரத்துப்போய் அவர் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்ததும் அப்போதுதான் கோமதிநாயகத்துக்கு ஞாபகம் வந்தது. கத்தியது மட்டும்தான் இத்தனை நாளும் அவருக்குள் இருந்தது.

உள்ளே போனார். பை சமையல்கட்டு ஓரத்தில் கிடந்தது. அம்மையார் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

“போகலையா?”

“மாடசாமிகிட்ட ஒண்ணு சொல்லணும்மா” என்றார் கோமதிநாயகம். நேராக வகுப்புக்குப் போய் மாடசாமி முன்னால் உட்கார்ந்தார்.

“டேய், அன்னிக்குச் சார் சொன்னது தப்பு. நீ நல்லா வருவே.”

மாடசாமி யோசித்தான். “எங்க வரணும் சார்?” என்று கேட்டான்.

தை மாதத்தில் ஒரு காலை. கோமதிநாயகம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நரி கிணற்றில் விழுகிற இடம். பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தெளிவான குரல்.

“சார், சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் அவருடைய சட்டையைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கோமதிநாயகம் நரியைக் கிணற்றிலேயே விட்டுவிட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினார். “அம்மா! பேசிட்டா! பேசிட்டாம்மா!”

“என்ன சொன்னா?”

அவர் சொன்னார். அம்மையார் அவர் சட்டையைப் பார்த்தார்.

“சரியாத்தான் சொல்லியிருக்கா” என்றார்.

அந்த வருஷம் முடிந்து பேச்சியம்மாளும் மாடசாமியும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போனார்கள். புதிய பிள்ளைகள் வந்து புதிதாக அழுதார்கள். பிரசவத்துக்குப் போன டீச்சர் புருஷன் ஊரிலேயே தங்கிவிட்டாள். கோமதிநாயகம் தொடர்ந்தார். வேறு யாராவது வரட்டுமா என்று அம்மையார் ஒரு தடவை கேட்டதற்கு, வகுப்பில் நாலு பேருக்குச் சளி, இப்போது நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வருஷம் கழித்து, அம்மையாருக்கு விதைக்கு முற்றிய கத்தரிக்காய் வாங்க அவர் சந்தைக்குப் போனார். கூட்டத்தில் பேச்சியம்மாளைப் பார்த்தார். வளர்ந்திருந்தாள். ரெட்டைச் சடை. அம்மாவிடம் என்னவோ விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“பேச்சியம்மா!” என்று கூப்பிட்டார்.

அவள் பேச்சை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாரும்மா இது? மீசையப் பாரேன்!”

“நம்ம மடத்து சார்டீ” என்றாள் அவளுடைய அம்மா. “சின்னதுல உன்னை வச்சுப் பார்த்துக்கிட்டவர். மறந்துட்டியா?”

பேச்சியம்மாள் நெற்றியைச் சுருக்கினாள். பாவம், முயன்று பார்த்தாள்.

“ஞாபகம் இல்லையே” என்றாள். கும்பிடு மட்டும் ஒன்று வைத்துவிட்டு, வளையல் கடைப் பக்கம் அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள்.

கோமதிநாயகம் மடத்துக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. கத்தரிக்காயைக் கீழே வைத்தார். அம்மையார் அவர் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

“என்ன?”

“பேச்சியம்மாளைப் பார்த்தேம்மா. என்னைத் தெரியல.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “அவளுக்கு மட்டுமா? ஒருத்தருக்கும் தெரியாது. மூணு வயசுல யாரு பார்த்துக்கிட்டா, யாரு சொல்லிக் குடுத்தான்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? அப்புறம் எதுக்கும்மா இந்த வேலை?”

அம்மையார் கத்தரிக்காய் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“உங்களுக்கு நடக்கச் சொல்லிக் குடுத்தது யாரு?”

அவர் யோசித்தார். அம்மாவாக இருக்கலாம். மூத்த அக்காவாக இருக்கலாம். பக்கத்து வீட்டில் யாராவதாகவும் இருக்கலாம்.

“ஞாபகம் இல்லைம்மா.”

“சந்தையிலேருந்து எப்படி வந்தீங்க? பஸ்ஸா?”

“பஸ்ஸைத் தவற விட்டுட்டேன். நடந்துதான் வந்தேன்.”

“நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க” என்றார் அம்மையார்.