நரி வரைந்த இரண்டு வரைபடங்கள்

செங்காதி என்ற முயலுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஓடைக்கு இந்தப்புறம் முயல் மேடு, அந்தப்புறம் முள்ளம்பன்றிக் காடு. அவள் இலந்தைப்பழம் கொண்டுபோய், முள்ளம்பன்றி ஊசியனிடம் கிழங்கு மாற்றி வருவாள். பேரம் படியாவிட்டால் பழத்தை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தூரத்தைக் கூடத் தாவி எண்ணித்தான் நம்புவாள். வளையிலிருந்து ஓடை சரியாக அறுபது தாவல்.

ஒருநாள் காலை, மேட்டுப் பாறையில் நரி ஒரு வரைபடம் தீட்டியிருந்தது. முள்ளம்பன்றிக் காடு முழுக்கக் கரி! அதிலிருந்து ஐந்து கறுப்புக் கைகள் நீண்டு, சுண்டைக்காய் அளவு முயல் மேட்டை நெரித்தன. ஓடையையே காணோம்.

"பார்த்தீர்களா? உங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள்! நாளை விடிந்ததும் எல்லோரும் போருக்குப் புறப்படுங்கள். குட்டிகளை வளையிலேயே விட்டுவிடுங்கள், பாவம், மிதிபட்டுவிடும்!" என்றது நரி.

செங்காதிக்கு நான்கு குட்டிகள். இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. படத்தில் தன் வளையைத் தேடினாள். அது கறுப்புக்குள் கிடந்தது.

"யோவ் நரி, ஓடை எங்கே?"

"படத்தில் இல்லையென்றால் இல்லைதான்!"

"இப்போதுதானய்யா அதில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்!"

"உனக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை தாயே. போய்ப் பழத்தைப் பொறுக்கு!"

முயல்கள் எல்லாம் சிரித்தன. செங்காதி தன் வளை வாசலிலிருந்து தாவி எண்ணிக்கொண்டே ஓடினாள். அறுபதாவது தாவலில் ஓடை இருந்தது. பாறைக்குத் திரும்பி வந்தாள். படத்தில் இல்லை. மறுபடி போனாள். இருந்தது! தலை சுற்றியது. பாறையை நம்புவதா, நனைந்த காலை நம்புவதா?

எதிர்க்கரையில் ஊசியன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றான்.

"கிட்டே வராதே! எங்கள் காட்டில் முக்கால்வாசியைக் கடித்துவிட்டீர்களாமே!"

"நாங்களா? அண்ணே, உன் கிழங்கு ஒன்றைக் கடிக்கவே எனக்கு அரை நாள் ஆகிறது!"

"எங்கள் பாறையில் படமே இருக்கிறது! இத்தனை பெரிய பல்லோடு உங்கள் மேடு!"

இருவரும் தண்ணீருக்குள் இறங்கி முழித்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கள் படத்தில் இது உங்கள் இடம்" என்றாள் செங்காதி.

"எங்கள் படத்தில் இது உங்கள் இடம்" என்றான் ஊசியன்.

"அப்படியென்றால் இப்போது நாம் எங்கேதான் நிற்கிறோம்?"

ஊசியன் குனிந்து தன் காலடித் தண்ணீரைப் பார்த்தான்.

"உங்கள் படத்தை வரைந்தது யார், அண்ணே?"

"நரியார்தான். நல்ல மனசு. குட்டிகளை மட்டும் கூட்டிப்போகாதீர்கள் என்று எவ்வளவு அக்கறையாகச் சொன்னார், தெரியுமா!"

செங்காதிக்குச் சுருக்கென்றது. ஊசியனை இழுத்துக்கொண்டு பாறைக்குப் பாய்ந்தாள். முயல்கள் அலறின.

"சும்மா இருங்கள்!" என்று கத்தினாள். "யோவ் நரி! எங்கள் வீடு இருக்கிறது, இவர்கள் வீடு இருக்கிறது. உன் குகை எங்கே?"

"அது... பாறையில் இடம் பற்றவில்லை."

"எங்கள் பாறையிலுமா பற்றவில்லை?" என்று கேட்டான் ஊசியன்.

செங்காதி கரியை எடுத்தாள். முயல் வளைகளுக்கு நேர் பின்னால், ஒட்டினாற்போல, ஒரு குகையை வரைந்தாள். அங்கேதான் அது இருந்தது. "நாங்கள் போருக்குப் போனபின் குட்டிகளுக்குப் பக்கத்தில் நீ மட்டும்தானா?" என்றாள்.

"அப்படியானால் நாளைக்குப் போர் உண்டா, இல்லையா?" என்று குழம்பியது ஒரு கிழட்டு முயல்.

"நாளைக்கு எதற்கு? இப்போதே உண்டு!" என்று ஊசியன் முள்ளை விரித்து நரி மீது பாய்ந்தான். நரி எடுத்த ஓட்டம், அந்தப் பக்கமே மறுபடி வரவில்லை.

போர் நடக்கவில்லை. ஆனாலும் பல முயல்கள் நெடுநாள் வரை, ஓடையைக் கால் விட்டுப் பார்த்த பிறகுதான் நம்பின.

எதிரியைப் பெரிதாக வரைந்து காட்டுகிறவனிடம், உன் வீடு இதில் எங்கே என்று முதலில் கேட்க வேண்டும்.