கொத்திக் காட்டிய குஞ்சு

கறுப்பு வான்கோழி வளர்க்கப் பழகுவதற்காக ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தபோது துரைக்கண்ணு கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஜெசிந்தா அவர் மகளைவிடச் சின்னவள். ஆனாலும் அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

சீக்கிரம் எடை கூடுகிறது என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் வெள்ளை வான்கோழிக்கு மாறிவிட்டார்கள். பழைய கறுப்பு ரகம் அவளிடம்தான் ஒரு சிறு கூட்டமாக மிஞ்சியிருந்தது. அதன் முட்டைகளை அவரை நம்பிக் கொடுத்திருந்தாள்.

ஒருநாள் காலையில் அவர் கூடையும் கையுமாக ஓடிவந்தார்.

“டீச்சர், குஞ்செல்லாம் ஒண்ணொண்ணாச் சாகுது. மிஞ்சினது இவ்வளவுதான்.”

அவள் ஒரு குஞ்சை எடுத்துக் கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்தாள்.

“இரைப்பை காலியா இருக்கே, அண்ணே.”

“தட்டு நிறையத் தீவனம் வச்சிருக்கேனே! ஒண்ணும் தொடல.”

“அது தீவனம்னு இதுகளுக்கு யார் சொன்னது?”

துரைக்கண்ணு விழித்தார். “பசிச்சாத் தெரியாதா?”

“தாய் கொத்திக் காட்டும், அதைப் பார்த்துத் தின்னும். நீங்க மெஷின்ல வச்சுப் பொரிச்சீங்க.”

“அப்ப நான் வாயைத் திறந்து ஊட்டி விடட்டுமா?”

அவள் கொல்லைப் பக்கம் போய், நாட்டுக்கோழிக் குஞ்சு ஒன்றைப் பிடித்து வந்து கூடைக்குள் விட்டாள். ஒரு பிடி நொய்யைத் தூவினாள்.

கோழிக்குஞ்சு யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. டொக் டொக்கென்று கொத்த ஆரம்பித்தது.

வான்கோழிக் குஞ்சுகள் தலையைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்று கோழிக்குஞ்சின் கால்விரலைக் கொத்தியது. இன்னொன்று கூடையின் மூங்கிலைக் கொத்தியது. பிறகு எப்படியோ ஒரு நொய் அலகில் மாட்டி உள்ளே போனது. அந்தக் குஞ்சு ஒரு கணம் அசையாமல் நின்றது. மறுபடி குனிந்தது.

துரைக்கண்ணு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. எல்லாக் குஞ்சுகளும் கொத்திக்கொண்டிருந்தன. அவர் பார்வை மட்டும் கோழிக்குஞ்சைவிட்டு நகரவில்லை.

“டீச்சர், தான் சொல்லிக் கொடுக்கிறோம்னு இதுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா, அதுகள் கத்துக்கிச்சான்னு நிமிர்ந்து பார்த்துக்கிட்டு நிக்கும், அண்ணே” என்றாள் ஜெசிந்தா. “தின்னாது.”